இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி

பர்மாவில் யாங்கூன், பகோ, தட்டோன், மோல்மீன் என்று எங்கெங்கும் உள்ள நம் தமிழ்க் கோயில்களின் தர்மகர்த்தாக்களுக்கும் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் கேட்கவந்தது காசு இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நன்கொடைக் கடிதம் என்று நினைத்து மடித்து வைத்துவிடாதீர்கள். கோயில் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் பந்திப் பாய்களை அடுக்கி வைத்திருக்கும் அறை ஒன்று இருக்கிறதே, அது வாரத்தில் இரண்டு காலைப் பொழுது வேண்டும். அதில் இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. கரண்டு இல்லாத நாளில் விசிறியும் வேண்டாம், ஜன்னல் போதும். அங்கே நம் வயதானவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, மனதில் இருப்பதைத் தமிழில் பேச வேண்டும். கேட்கத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

யாங்கூனில் தாம்வே பகுதியில் பல வருஷமாக ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறவள் நான். பிள்ளைகளைக் கூட்டிவரும் பாட்டிகளும் தாத்தாக்களும் வகுப்பு முடியும்வரை வாசல் திண்ணையில் காத்திருப்பார்கள். முன்பெல்லாம் திண்ணைச் சத்தத்தில் என் குரல் எடுபடாது. இப்போது அங்கே பேச்சே இல்லை. முதலில் அதை நானும் கவனிக்கவில்லை. என் வீட்டிலேயே அது நடந்த பிறகுதான் உறைத்தது.

அம்மாவுக்கு 1964-இல் பதினெட்டு வயது. அந்த மார்ச் மாதம் ரங்கூன் (இன்றைய யாங்கூன்) கடைகளை அரசாங்கம் தனதாக்கிக்கொண்டு எண் போட்ட பலகை மாட்டியபோது தாத்தாவின் கடையும் போயிற்று. மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். பெட்டியில் மிச்சமிருந்ததும் காகிதமானது. தாத்தாவும் அம்மாவின் தம்பியும் மெட்ராஸ் கப்பல் ஏறினார்கள். கல்யாணமாகியிருந்ததால் அம்மா இங்கேயே தங்கிவிட்டார். நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. அந்தக் காலத்தில் நாட்டைவிட்டுப் போன மூன்று லட்சம் பேரில் உங்கள் வீட்டாரும் இருப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா தவறினார். அதற்குப் பிறகு என் மகனும் ஊரைவிட்டுப் போனான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்தபின் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் போனார்களோ, அதில் அவனும் ஒருவன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய நாளில் அம்மா அழவில்லை. 'போயிட்டு வா' என்றார், உள்ளே போய்ப் படுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக நின்றது. தலைக்கு எண்ணெய் வைப்பது நின்றது. மாடியில் வைத்திருந்த மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுவது நின்றது. கீரைக்காரியோடு தினம் ஒரு சண்டை போடுவார், அதுவும் நின்றது. 'மனசு சரியில்லை' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. முழங்கால் குத்துகிறது, வயிறு எரிகிறது, வாய் கசக்கிறது, இவ்வளவுதான். 'வயசானா அப்படித்தான்' என்று நானும் சொன்னேன், அக்கம்பக்கத்தாரும் சொன்னார்கள்.

ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நல்ல மனிதர், வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பர்மிய மொழியில் கேட்டார்: "நே கவுன் லா?" அம்மா, "கவுன்டே." தூக்கம்? "கவுன்டே." சாப்பாடு? "கவுன்டே." எல்லாம் நன்றாக இருக்கிறது. சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். வெளியே வந்து படி இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா என்னிடம் சொன்னார்: "நெஞ்சுக்குள்ள யாரோ ஈரப் பாயைச் சுருட்டி வெச்ச மாதிரி இருக்குடி. இதை அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

எனக்கும் அதை பர்மிய மொழியில் சொல்லத் தெரியாது. மனக்கஷ்டத்துக்கு அவர்கள் மொழியில் அழகான சொல் ஒன்று இருக்கிறது, 'சேய்ட் ஞிட்', மனம் அழுக்காயிற்று என்று பொருள். அம்மாவுக்கும் அந்தச் சொல் தெரியும். ஆனால் அம்மாவின் பர்மிய மொழி பஜாரில் கற்றது. இறால் விலை பேச அது போதும், அப்பா இல்லாத படுக்கையைப் பற்றிப் பேசப் போதாது. வயதானவர்களுக்கு ஞாபக மறதி நோய் தொடங்கினால் பிற்பாடு கற்ற மொழிதான் பெரும்பாலும் முதலில் நழுவும், தாய்மொழி கடைசிவரை நிற்கும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். நம் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்கோ பர்மிய மொழிதான் நாக்கில் வருகிறது. ஒரே கூரையின் கீழ் பாட்டி ஒரு கரை, பேரன் ஒரு கரை.

தூக்க மாத்திரை விஷயத்தில் என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொடுத்தது தீர்ந்ததும் நானே மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி பாத்ரூம் போக எழுந்த அம்மா தடுமாறி விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது. டயஸிபாம் மாதிரியான மாத்திரைகள் வயதானவர்களின் உடம்பில் நெடுநேரம் தங்கும், தள்ளாட வைக்கும், விழ வைக்கும். இது மருத்துவம் எப்போதோ அறிந்த சங்கதி, எனக்குத்தான் தெரியவில்லை. நம் வீடுகளில் எத்தனை தலையணைக்குக் கீழே அந்த அட்டை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க பயமாக இருக்கிறது.

பிறகு உறவுக்காரப் பெண் ஒருத்தி மூலம் மதுரையில் ஒரு மனநல ஆலோசகர் கிடைத்தார். வாரம் ஒரு முறை போனில், கரண்டும் நெட்டும் இருக்கும் நேரம் பார்த்து, முக்கால் மணி நேரம். முதலில் அவர் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். தைராய்டு, பி12, சர்க்கரை. இவை குறைந்தாலும் கூடினாலும் மனம் வாடின மாதிரியே காட்டுமாம். காது கேட்கிறதா என்றும் பார்க்கச் சொன்னார். காது மந்தமானால் முதலில் ஆள் பேச்சைக் குறைப்பார், அப்புறம் ஆட்களையே குறைத்துக்கொள்வார். அம்மாவுக்கு இடது காது அரைவாசிதான். எழுபத்தொன்பது வயதுவரை நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை.

பிறகு பதினைந்து கேள்விகள் கேட்டார், எல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடியவை. வாழ்க்கை திருப்தியா, முன்பு செய்த காரியங்களை விட்டுவிட்டீர்களா, வெளியே போவதைவிட வீட்டிலேயே இருக்கத் தோன்றுகிறதா, இப்படி. முதியோரின் மனச்சோர்வை அறிய 1980-களில் அமெரிக்காவில் உருவாக்கிய பட்டியலாம். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: கால் வலி, உடம்பு வலி, பசியின்மை பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எழுபது வயதில் அதெல்லாம் யாருக்கு இல்லை? அதை வைத்து மனதை அளக்க முடியாது என்று தெரிந்தே விட்டிருக்கிறார்கள்.

முதல் இரண்டு வாரம் அங்கேயும் அம்மா 'நல்லா இருக்கேன்மா' தான். மூன்றாம் வாரம் அந்தப் பெண் வேறு மாதிரி கேட்டார்: "கப்பல் கிளம்புன அன்னிக்கு உங்க வீட்ல என்ன சமையல் பாட்டி?"

அம்மா போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கருவாட்டுக் கொழம்பு" என்றார். "தம்பிக்கு அது உசிரு. கொதி வர்றதுக்குள்ள வண்டி வந்துடுச்சு. 'அக்கா, ஒரு வாய் ஊட்டி விடு'ன்னான். சுடும்டா, ஆறட்டும்னேன்."

அறுபது வருஷம் அந்தக் குழம்பு அடுப்பிலேயே இருந்திருக்கிறது. எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைப்பதில்லை. அம்மாவுக்கு அந்த வாடை பிடிக்காது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

தம்பி செத்தார் என்று சேதி வரவில்லை. இருக்கிறார் என்றும் வரவில்லை. முதல் சில வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. காரியம் செய்யவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதற்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார், தமிழில் சொன்னால் 'தெளிவில்லாத இழப்பு'. போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்களைப் பார்த்து எழுதியவர். அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு: இந்த மாதிரித் துக்கத்துக்கு முடிவு கட்ட முடியாது, அதைச் சுமந்துகொண்டே வாழப் பழகலாம். பேரன் பையோடு படியிறங்கியபோது அம்மா பார்த்தது பேரனை மட்டுமா?

எட்டு வாரம் பேசினார்கள். தம்பிக்கு ஒரு கடிதம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், அனுப்ப விலாசம் இல்லை, அப்பாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு வாரமும் ஒரு சின்ன வேலை கொடுத்தார் அந்தப் பெண்: இந்த வாரம் மல்லிகைக்குத் தண்ணீர், அடுத்த வாரம் கோயிலுக்கு ஒரு நடை. மனம் தெளிந்தபின் எழுந்து நடக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். அவர்களோ முதலில் நடக்கச் சொல்கிறார்கள், மனம் பின்னால் வருமாம். மந்திரம் போட்ட மாதிரி எதுவும் நடக்கவில்லை. அம்மா இப்போதும் மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார், அப்பா பேச்சை எடுத்தால் கண் கலங்குகிறது. ஆனால் போன வாரம் கீரைக்காரியை, 'இதைக் கட்டுன்னு சொல்ல உனக்கு வெக்கமா இல்ல?' என்று கேட்டார். நான் சமையலறையில் நின்று சிரித்தேன், கொஞ்சம் அழுதேன்.

இதைச் சொன்னதும் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "வயசான கட்டை, இனிமே என்னத்தைப் பேசி மாத்தப்போறீங்க?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மனச் சிகிச்சைக்கே தாத்தா என்று சொல்லப்படும் பிராய்டும் அதையேதான் சொன்னார். ஐம்பதை நெருங்கியவர்களுக்கு மனம் வளையாது, பேச்சு வைத்தியம் பலிக்காது என்று 1900-களின் தொடக்கத்தில் எழுதினார். எழுதும்போது அவருக்கே வயது 48! அதற்குப் பிறகும் எண்பத்து மூன்று வயதுவரை வாழ்ந்து, எழுதி, தன் கருத்துகளையே பல முறை மாற்றிக்கொண்டார். வயதானவர்கள் பழசைத் திரும்பத் திரும்பப் பேசுவதை மூளை தளர்ந்ததன் அடையாளம் என்று மற்ற மருத்துவர்கள் ஒதுக்கியபோது, அமெரிக்காவில் ராபர்ட் பட்லர் 1963-இல் அதை மறுத்தார். வாழ்ந்த கணக்கைப் பார்த்து நேர் செய்கிற வேலை அது, யாராவது உடனிருந்து கேட்டால் நல்லபடியாக முடியும், தனியாக விட்டால் குற்ற உணர்ச்சியிலும் கொண்டுபோய் நிறுத்தும் என்றார். நம் திண்ணைகள் செய்துகொண்டிருந்த வேலைதான். திண்ணையில் இருந்தவர்கள் பாதிப்பேர் போய்விட்டார்கள், மீதிப்பேருக்குக் காது கேட்கவில்லை.

உங்களில் ஒருவரிடம் நேரிலும் கேட்டேன். எந்தக் கோயில் என்று சொல்லமாட்டேன். "கோயில் என்னம்மா ஆஸ்பத்திரியா? இந்த டாக்டர் எல்லாம் நாம எங்க போய்ப் புடிக்கறது?" என்றார். முதல் கேள்வியைப் பிறகு பார்ப்போம். இரண்டாவது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

ஜிம்பாப்வே நாட்டின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டாவிடம் 2006-இல் அறை இல்லை, ஆள் இல்லை, பணமும் இல்லை. பதினான்கு பாட்டிகள் இருந்தார்கள். ஹராரே நகரச் சுகாதார நிலையங்களுக்கு வெளியே மர நிழலில் பெஞ்சு போட்டு அவர்களை உட்கார வைத்தார். 'நட்பு பெஞ்சு' என்று பெயர். பிரச்சினைகளைச் சொல்ல வைத்து, அதில் ஒன்றை மட்டும் எடுத்து, இந்த வாரம் என்ன செய்யலாம் என்று வந்தவர் வாயாலேயே வரவழைப்பது, ஆறு முறை இப்படிப் பேசுவது, அதுதான் முறை. மனச்சோர்வு என்ற சொல்லையே பாட்டிகள் பயன்படுத்துவதில்லை. அவர்கள் மொழியில் 'ரொம்ப யோசிக்கிறது' என்றுதான் சொல்கிறார்கள். நம் வீட்டில் சொல்வதும் அதேதானே, 'அம்மா சும்மா யோசிச்சுக்கிட்டே கெடக்கு' என்று. 573 பேரை வைத்து ஆய்வு செய்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு அப்படியே இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பேசியவர்களில் ஏழில் ஒருவருக்குத்தான் இருந்தது.

ஆப்பிரிக்கா தூரம் என்றால், பக்கத்திலேயே ஒன்று. தாய்லாந்து எல்லையில் மே சாட் பக்கம் பர்மாவிலிருந்து போய்த் தங்கியவர்களுக்கு, அவர்களிலேயே சிலரைப் பழக்கி ஆலோசனை கொடுக்க வைத்தார்கள். பட்டம் பெற்ற மனநல மருத்துவர்கள் இல்லை, நம்மைப் போன்ற ஆட்கள். 347 பேரைக் கொண்ட அந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது, பேசியவர்களுக்கு மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனமும் இப்படிப்பட்ட சாதாரண ஆட்கள் பழகிக்கொண்டு நடத்துவதற்கென்றே, வாரம் ஒரு முறையாக ஐந்து முறை பேசும் முறை ஒன்றின் கையேட்டை 2016-இல் போட்டிருக்கிறது, காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மதுரைப் பெண்ணிடம் கேட்டேன். நாலைந்து பேர் உறுதியாக இருந்தால் போனிலேயே சொல்லித்தருவதாகவும், மாதம் ஒரு முறை எங்களோடு உட்கார்ந்து தப்பு திருத்துவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் உட்பட மூன்று பேர் இப்போதே தயார்.

இதில் எனக்கே பயமாக இருக்கும் விஷயம் ஒன்று உண்டு. நம்மில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். மருமகளைப் பற்றி ஒரு மாமியார் அழுதது மறுநாள் பூக்கடைவரை வந்துவிட்டால் அந்த அறைக்கு அப்புறம் யாரும் வரமாட்டார்கள். அதனால் தாம்வே ஆள் தாம்வேயில் உட்காரக்கூடாது என்று வைத்திருக்கிறோம். தாம்வேக்காரி இன்செயினில் கேட்பாள், இன்செயின்காரர் இங்கே வருவார். பெயர் எழுதும் நோட்டு கிடையாது. கமிட்டியாரிலும் யாரும், நீங்களே ஆனாலும், யார் வந்தார், என்ன சொன்னார் என்று கேட்கக்கூடாது. இதற்கு நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அறையே வேண்டாம்.

எல்லாவற்றையும் எங்களால் பார்க்க முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். மறதி கூடிக்கொண்டே போனால், இல்லாத குரல் கேட்டால், சோறு தண்ணீரை ஒதுக்கினால், அது டாக்டர் பார்க்க வேண்டியது. கூடவே போய் மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையைத்தான் நாங்கள் செய்வோம். பழைய ஆட்களுக்கு ஒரு பயம் உண்டு, மனசு டாக்டர் என்றாலே 'தடகலேக்கு அனுப்பறியா?' என்பார்கள். அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பெயர் இன்னும் நம் வாயைவிட்டுப் போகவில்லை.

இன்னொன்று. 'நான் இருந்து யாருக்கு என்ன?', 'சீக்கிரம் கூப்பிட்டுக்கமாட்டேங்கறானே' என்பதை நாம் பாட்டிப் பேச்சு என்று தள்ளிவிடுகிறோம். உலகின் பெரும்பாலான பகுதிகளில் தற்கொலை விகிதம் எழுபதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே சொல்லியிருக்கிறது. அப்படி ஒருவர் சொன்னால், 'உசிரை விட்டுடலாம்னு தோணுதா பாட்டி?' என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு, கேட்டால்தான் மூட்டை இறங்கும். அன்றைக்கு அவரைத் தனியாக விடக்கூடாது, மாத்திரைகளை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு அன்றே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். இதை எங்களுக்கு மட்டுமில்லை, அன்னதான வரிசையில் பரிமாறுகிற பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வயதானவர்களை வாராவாரம் முகம் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

கோயில் என்ன ஆஸ்பத்திரியா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லைதான். பள்ளிக்கூடமும் இல்லை, ஆனால் 1960-களில் பள்ளிகள் கைமாறி நம் பிள்ளைகளுக்குத் தமிழ் இல்லாமல் போனபோது, கோயில்தான் பள்ளிக்கூடமாயிற்று. நர்கிஸ் புயல் வந்த 2008-இல் கூரை போனவர்களுக்கு இடம் கொடுக்கலாமா என்று எந்த ஆகமத்தைப் பார்த்தோம்? தீமிதிக்குப் பந்தல் போட முடிகிறது, கும்பாபிஷேகத்துக்கு மெட்ராஸிலிருந்து ஸ்தபதியை வரவழைக்க முடிகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும்தான் பால்குடம் எடுக்கிறேன். அந்தப் பந்தலின் கீழ் முதல் வரிசையில் உட்காருகிற பாட்டியைப் பற்றித்தான் பேசுகிறேன். சாமியிடம் அவர் எல்லாம் சொல்லிவிட்டார். பதில் பேசுகிற ஒருத்தர் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாத்தாக்கள் இந்த அறைக்கு லேசில் வரமாட்டார்கள். 'எனக்கென்ன' என்று டீக்கடையிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஆலோசனை என்ற பெயரே ஆகாது. கோயில் கணக்கு, பழைய ரசீது, கல்வெட்டுப் பெயர்கள், இவற்றைச் சரிபார்க்க உதவி வேண்டும் என்று கூப்பிடுங்கள், வருவார்கள். மூன்றாம் நாள் தானாகப் பேச்சு வரும். இதில் கொஞ்சம் ஏமாற்று வேலை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

செவ்வாயும் வியாழனும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, உச்சிகால பூஜைக்கு முன் முடித்துவிடுவோம். ஒரு கோயிலில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கிறோம். யாரும் வரவில்லை என்றால் நாங்களே சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். பாய்களை நாங்களே ஓரமாக அடுக்கி, முடிந்ததும் பழையபடி வைத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தாம்வே ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு டீச்சர்